சாவில்லாத வீட்டில் பாடக் கூடாத பாட்டு

2013 டிசம்பரில் புதிதாக ஒரு போன் வாங்கியிருந்தேன். அதன் ஒலிப்பதிவு நன்றாக இருந்தது. பெங்களூரிலிருந்து இரவுப் பேருந்தில் மேட்டுப்பாளையம் வந்து, அங்கிருந்து கோத்தகிரிக்கு முதல் வண்டி பிடித்து, பனி விலகுவதற்குள் லைனுக்குப் போய்ச் சேர்ந்தேன். அம்மாயி அடுப்பங்கரையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். தேத்தண்ணி குடித்து முடித்ததும் போனை எடுத்து நீட்டினேன்.

"அம்மாயி, சின்னம்மாயிக்கு ஒரு பாட்டு பாடுவீங்களே, அதப் பாடுங்க. புடிச்சு வச்சுக்கிறேன்."

அவர் முகம் மாறிவிட்டது. கூரையைப் பார்த்தார், என் அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னா பேசுற நீ? சாவில்லாத வீட்டுல ஒப்பாரி பாடப்படாது சாமி. வீட்டுக்கு ஆகாது."

அதோடு பேச்சு முடிந்தது. நான் பொறியியல் படித்தவன். சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் சாவு வரும் என்பதை நம்புகிறவன் இல்லை. ஆனால் அம்மாயியிடம் வாதாட முடியாது. மூன்று நாள் கழித்து, ஊருக்குக் கிளம்ப வேண்டிய அன்று விடியற்காலையில், அவரே என்னை எழுப்பினார். "வா, அந்தப் பக்கம் போவோம்." தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, தேயிலைக்கு நடுவில் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் கூட்டிப் போனார். கவ்வாத்து வெட்டி மொட்டையாக நின்ற மலையின் ஓரத்தில் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்தார். வீடுகள் எதுவும் கண்ணுக்குத் தெரியாத இடம். முந்தானையை எடுத்து வாயை ஒரு தடவை துடைத்துக்கொண்டு பாடத் தொடங்கினார்.

பதினொரு நிமிடம். முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, எதுவும் நடக்காததுபோல எழுந்தார். திரும்பி வரும் வழியில் இரண்டு நிபந்தனைகள் போட்டார். "இத எங்கயும் எழுதிப்புடாத. வீட்டுல போட்டுக் கேக்காத."

இரண்டையும் இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். எனவே இந்தக் கட்டுரையில் அந்தப் பாட்டின் ஒரு வரிகூட இருக்காது. அதைச் சுற்றி எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

*

அம்மாயி பிறந்தது இலங்கையின் மலைநாட்டில், ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அவருடைய பாட்டன் காலத்தில் புதுக்கோட்டைப் பக்கமிருந்து போன குடும்பம். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

கணக்கு நாடுகளுக்கிடையே சரியாக வந்தது. குடும்பங்களுக்குள் அப்படி வரவில்லை. அம்மாயியின் புருஷன் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார். அம்மாயியின் தங்கை, எங்களுக்குச் சின்னம்மாயி, அவருடைய புருஷன் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் இருந்த அக்காவும் தங்கையும் 1973இல் பிரிந்தார்கள்.

மலைநாட்டில் ரயிலைக் 'கோச்சி' என்பார்கள். தாயகம் திரும்புகிறவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற கோச்சிக்கு ஜனங்களே ஒரு பெயர் வைத்தார்கள்: ஒப்பாரிக் கோச்சி. ஸ்டேஷனில் நின்றவர்களும் வண்டியில் இருந்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்து, செத்தவர்களுக்குப் பாடுகிற பாட்டைப் பாடினார்கள். அந்தப் பெயர் அப்படி வந்தது. மலையக எழுத்தாளர் மு. சிவலிங்கம் தன் சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு அதையே தலைப்பாக வைத்திருக்கிறார். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒப்பாரி பாடலாமா என்று ஒருமுறை அம்மாயியிடம் கேட்டேன். "அன்னிக்கு எங்களுக்குப் பாட்டுல வித்தியாசம் தெரியல. இனிமே பாக்கப் போறதில்லைன்னா அது சாவுதான?" என்றார்.

தலைமன்னாரிலிருந்து கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். அங்கிருந்து நீலகிரி. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் தமிழ்நாடு அரசு வனத்துறையின் கீழ் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பின்னால் அது டான்டீ என்று எல்லோரும் சொல்லும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று காட்டைத் திருத்திச் செடி நட்டவர்களில் பெரும்பகுதி இவர்கள்தான். அங்கே 'இந்தியாக்காரர்கள்' என்று சொல்லப்பட்டவர்கள் இங்கே 'சிலோன்காரங்க' ஆனார்கள்.

சின்னம்மாயியின் குடும்பம் அங்கேயே இருந்தது. 1977 ஆகஸ்ட் கலவரத்தில் மலைநாட்டுத் தமிழர்களும் அடிபட்டார்கள். லயம் எரிந்தவர்கள் பலர் தமிழர்கள் அதிகம் உள்ள வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். சின்னம்மாயியும் அப்படிப் போனவர்தான். தேயிலையை விட்டு மிளகாய்ச் செடிக்கு மாறினார்கள். பாதுகாப்பு என்று தேடிப் போன இடமே பிறகு போர்க்களம் ஆனது. கடிதம் வருவது குறைந்து, நின்று, மறுபடி வந்து, மறுபடி நின்றது.

2009 ஆகஸ்டில் செட்டிகுளம் மெனிக் ஃபார்ம் முகாமிலிருந்த உறவுக்காரர் ஒருவர், யார் யாரோ மூலமாக எங்கள் எண்ணைப் பிடித்துப் பேசினார். சின்னம்மாயி இல்லை. புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் எங்கோ. தேதி தெரியாது. புதைத்தார்களா என்பதும் தெரியாது. நான் அப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. விடுமுறைக்கு வீட்டில் இருந்தேன். அன்றைக்கு ராத்திரி அம்மாயி அந்தப் பாட்டைப் பாடியதை அடுத்த அறையில் படுத்துக்கொண்டு கேட்டேன். அன்று அது சாவு வீடு. பாடலாம்.

*

பதிவைப் பெங்களூரில் ஹெட்போனில் பலமுறை கேட்டேன். அது அம்மாயி உட்கார்ந்து யோசித்து இயற்றிய பாட்டு இல்லை என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது. முதல் பாதி முழுக்க ரயில், பிளாட்பாரம், பெட்டி, கையசைப்பு. சின்னம்மாயி செத்தது ரயிலில் இல்லை, அவர் கிளம்பிப் போகவும் இல்லை. போனவர் அம்மாயிதான். ஆனால் பாட்டில் தங்கைதான் வண்டி ஏறுகிறாள், அக்கா நிற்கிறாள். 1973இல் ஸ்டேஷனில் பாடிய பாட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறார். ஷெல் விழுந்ததும், பங்கரும், புதைக்க ஆளில்லாததும் அந்தச் சட்டகத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. பழைய பாட்டில் 'மாலை' இருக்க வேண்டிய இடத்தில் 'முள்ளுக்கம்பி' இருக்கிறது. எண்ணிக்கை இடிக்கவில்லை, எதுகை இடிக்கவில்லை.

என் தொழிலில் இதை டெம்ப்ளேட் என்போம். அந்தச் சொல்லை இங்கே போடக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே விஷயத்தை முறையாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் யூகோஸ்லாவியாவின் காவியப் பாடகர்களைப் பதிவு செய்து, வாய்மொழிப் பாடகர் மனப்பாடம் செய்வதில்லை, கைவசமுள்ள தொடர்களை வைத்துப் பாடும்போதே கட்டுகிறார் என்று காட்டினார்கள். லார்டின் நூல் 1960இல் வந்தது. அதே கண்ணோட்டத்தில் சங்கப் பாடல்களைப் பார்த்து 1968இல் ஆங்கிலத்தில் நூல் எழுதியவர் யாழ்ப்பாணத்துக் கைலாசபதி. புறநானூற்றில் போரைப் பற்றிய பாடல்களில் கையறுநிலை எவ்வளவு இருக்கிறது என்பதை அதன் பிறகு ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். தமிழில் போர்க்கவிதையும் ஒப்பாரியும் தொடக்கத்திலிருந்தே பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் இருந்திருக்கின்றன.

நீலகிரியிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. எமனோ என்ற மொழியியலாளர் 1930களில் இங்கே தங்கித் தோடர்களின் பாடல்களைச் சேகரித்தார். 1971இல் அவை பெரிய நூலாக வந்தன. தோடர் பாட்டில் எதைச் சொன்னாலும் இணை இணையாகத்தான் சொல்ல வேண்டும். எருமை, மந்து, சாவு என்று அவர்கள் வாழ்க்கையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே அமைந்த தொடர்கள் உண்டு. புதிய சம்பவம் நடந்தாலும் அந்தத் தொடர்களைக் கொண்டே அன்றைக்கே பாட்டுக் கட்டிவிடுவார்கள். எங்கள் லைனிலிருந்து ஒரு தோடர் மந்துக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். நான் இதைத் தெரிந்துகொண்டது பெங்களூரில், முப்பது வயதுக்கு மேல்.

*

ரஷ்யக் கவிதைக்கு நான் வந்த வழி அப்பாவின் டிரங்குப் பெட்டி. பழைய 'சோவியத் நாடு' இதழ்களின் வழவழப்பான தாள்தான் எங்கள் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை. அதில் ராணுவத் தொப்பி வைத்த முகங்கள் நிறைய. அந்தப் பெயர்களை வளர்ந்த பிறகு ஆங்கில மொழிபெயர்ப்பில் தேடிப் படித்தேன். பாட்டாக இருப்பவற்றை இணையத்தில் கேட்டேன். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது. மெட்டு மட்டும் எந்த மொழிபெயர்ப்பும் இல்லாமல் வந்து சேர்ந்தது.

'கத்யூஷா' எல்லோருக்கும் தெரியும். மிகயீல் இசகோவ்ஸ்கி எழுதியது, மத்வேய் பிளாந்தர் மெட்டமைத்தார், 1938. ஆற்றங்கரையில் நின்று எல்லைக்காவலில் இருக்கும் காதலனுக்காகப் பாடும் பெண். நாட்டுப்புறப் பாட்டின் சாமான்கள் எல்லாம் அதில் உண்டு: பூத்த மரம், பனி, கரை, தூது. மூன்று வருடத்தில் போர் வந்தது. ஜனங்கள் அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டார்கள். கத்யூஷா காயம்பட்டவனைச் சுமக்கும் நர்ஸ் ஆனாள், துப்பாக்கி தூக்கிய கொரில்லா ஆனாள், கடைசியில் ராக்கெட் வீசும் வண்டிக்கே அவள் பெயர் வந்தது. எழுதப்பட்ட பாட்டு திரும்பி நாட்டுப்பாட்டாகிவிட்டது. இசகோவ்ஸ்கி ஸ்மொலென்ஸ்க் பக்கத்துக் கிராமத்துக்காரர். சின்ன வயதிலேயே கண்பார்வை மோசம், அதனால் போர்முனைக்குப் போகவில்லை. ஆனால் போர்முனையில் இருந்தவர்கள் பாடியது அவர் பாட்டை.

அதே ஸ்மொலென்ஸ்க் பக்கத்துக்காரர்தான் த்வர்தோவ்ஸ்கி. அவருடைய 'வசீலி த்யோர்கின்' 1942 முதல் 1945 வரை பகுதி பகுதியாகப் போர்முனைப் பத்திரிகைகளில் வந்தது. பெரிய வீரன் இல்லை, பகடி பேசுகிற, அக்கார்டியன் வாசிக்கிற சாதாரணச் சிப்பாய். அதன் துள்ளலில் 'சஸ்தூஷ்கா' என்ற நாலுவரிக் குறும்பாட்டின் நடை இருக்கிறது. நம் ஊரில் நடவிலும் கொழுந்து எடுக்கும்போதும் ஒருத்தி ஒன்று சொல்ல இன்னொருத்தி பதில் கட்டுவாளே, அந்த மாதிரி. ஒவ்வொரு அத்தியாயமும் தனியாகப் படித்தாலும் நிற்க வேண்டும் என்று தான் எழுதியதாகப் பின்னால் த்வர்தோவ்ஸ்கி சொன்னார். இதைப் படிக்கிற சிப்பாய் அடுத்த அத்தியாயம் வரும்போது உயிரோடு இல்லாமல் போகலாம். இதைவிடக் கடினமான ஒரு வடிவக் காரணத்தை நான் எந்தக் கவிஞரிடமும் படித்ததில்லை.

சிமனோவின் 'எனக்காகக் காத்திரு' 1942 ஜனவரியில் 'பிராவ்தா'வில் வந்தது. ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் கவிதை அது. மந்திரிப்பது போன்ற நடை. கிராமத்து ரஷ்யாவில் போரிலிருந்து ஆள் திரும்பி வர ஓதிய காப்பு மந்திரங்களை அது நினைவூட்டுகிறது என்பார்கள். சிப்பாய்கள் அதை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். தாயத்தை வேறு எங்கே வைப்பார்கள்?

ரஷ்யர்களுக்கும் ஒப்பாரி உண்டு. 'பிளாச்' என்பார்கள். வடக்கே கரேலியப் பக்கத்தில் இரீனா ஃபெதோசவா என்ற எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணிடமிருந்து பார்சவ் என்ற பள்ளி ஆசிரியர் எழுதியெடுத்த ஒப்பாரிகள் 1872இல் நூலாக வெளிவந்தன. அடுத்த தொகுதியில் சாவுக்கு அல்லாமல் பட்டாளத்துக்குப் போகிறவனுக்குப் பாடும் ஒப்பாரிகள் இருந்தன. ஜார் காலத்தில் ஒரு கட்டத்தில் பட்டாளச் சேவை 25 ஆண்டு. போகிறவனைச் செத்தவனாகவே எண்ணி வாசலில் நின்று பாடினார்கள். இதைப் படித்த அன்று அம்மாவுக்குப் போன் செய்து, "ரஷ்யாவுலயும் ஒப்பாரிக் கோச்சி இருந்திருக்கும்மா" என்றேன். அம்மாவுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரிந்ததாகத் தெரியவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

இசகோவ்ஸ்கியிடம் திரும்ப வர வேண்டும். 1945இல் அவர் ஒரு கவிதை எழுதினார். ஜெயித்த சிப்பாய் ஊர் திரும்புகிறான். வீட்டை எதிரி எரித்துவிட்டான், மனைவி மண்ணுக்குள் இருக்கிறாள். அவள் கல்லறையில் உட்கார்ந்து, கொண்டு வந்த குடியை எடுத்து வைத்து, அவளோடு பேசுகிறான். உன்னிடம் வர இத்தனை வருடம் ஆகிவிட்டது என்கிறான். அவன் நெஞ்சில் புதாபெஸ்த் நகரைப் பிடித்ததற்கான பதக்கம் மினுங்குகிறது. எந்தப் பிரசங்கமும் இல்லை. முழுக்கப் 'பிளாச்' செய்வதுதான்: செத்தவரை 'நீ' என்று கூப்பிட்டு, எழுந்து வரச் சொல்லி, விருந்து வைத்து, பதில் வராததைக் கேட்டுக்கொண்டிருப்பது.

1946இல் இதழில் வெளியானதும் சோகம் மிகுந்தது, வெற்றிபெற்ற மக்களுக்குப் பொருந்தாதது என்று கண்டித்தார்கள். மெட்டமைத்திருந்தும் வானொலியில் வரவில்லை. 1960இல் மார்க் பெர்னெஸ் என்ற நடிகர் அதை மேடையில் பாடிய பிறகுதான் நாடு முழுக்கப் போனது. நடுவில் ஏறக்குறைய பதினைந்து வருடம். ஜெயித்த அரசுக்கே அழுகை பயமாக இருந்திருக்கிறது.

*

நாட்டுப்பாட்டு என்றாலே உண்மை, ஏட்டுக்கவிதை என்றாலே பொய் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. வெண்கடல் பக்கத்து மார்ஃபா கிரூகவா பரம்பரைக் காவியப் பாடகி. 1930களில் அவரையும் அவரைப் போன்றவர்களையும் கொண்டு லெனினுக்கும் ஸ்டாலினுக்கும் பழைய காவிய நடையில் புதுப் பாட்டுக் கட்ட வைத்தார்கள். கூட இருந்து உதவ எழுத்தாளர்களை அனுப்பினார்கள். சட்டகம் அசல், குரல் அசல், உள்ளே வைத்தது மட்டும் மேலிடத்துச் சரக்கு. எந்தப் பெயரும் உட்காரும் சட்டகம் என்பதுதான் வாய்மொழிப் பாட்டின் பலம். அதன் ஆபத்தும் அதுதான்.

நம் பக்கத்திலும் நாட்டு மெட்டை அரசியலுக்குக் கொண்டுவந்தவர்கள் உண்டு. அதைக் குறையாகச் சொல்லவில்லை. மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சியம்மை, தோட்ட மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் பாட்டெழுதி 1940இல் சிறு நூலாக்கினார். கூட்டங்களில் அவரே பாடுவார். முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்ட வருடம் அது. படிக்கத் தெரியாதவர்களுக்குத் துண்டுப் பிரசுரத்தைவிடப் பாட்டு வேகமாகப் போகும் என்பது அந்த அம்மையாருக்குத் தெரிந்திருந்தது. பின்னால் மலையகத்தின் பாடல்களைப் பெரிய அளவில் சேகரித்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947 நாடாளுமன்றத்தில் தலவாக்கலை உறுப்பினராக இருந்தவர். ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர். சாவு வீட்டிலும் தாலாட்டிலும் தப்புச் சத்தத்திலும் கிடந்தது தன் மக்களின் எழுதப்படாத வரலாறு என்று கண்டுகொண்டவர்.

*

இசகோவ்ஸ்கியைப் படித்துவிட்டு ஈழத்துப் போர்க்கவிதைகளைத் திரும்பப் படித்தேன். 'மரணத்துள் வாழ்வோம்' 1985இல் வந்தது. சேரன், அ. யேசுராசா, பத்மநாப ஐயர், மயிலங்கூடலூர் நடராசன் ஆகியோர் தொகுத்தது. அடுத்த வருடம் சித்திரலேகா மௌனகுரு தொகுத்த 'சொல்லாத சேதிகள்', பெண்களின் கவிதைகள். இவை பெரும்பாலும் மெட்டில்லாத கவிதைகள். மேலோட்டமாகப் பார்த்தால் நாட்டுப்பாட்டுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை என்றுதான் தோன்றும்.

ஆனால் பேச்சுத் தமிழின் சந்தத்தை ஈழக் கவிதைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் மகாகவி உருத்திரமூர்த்தி. வில்லுப்பாட்டாகப் பாடுவதற்கென்றே 'கண்மணியாள் காதை'யை எழுதினார். சேரன் அவருடைய மகன். யாழ்ப்பாண நூலகம் எரிந்த பிறகு எழுத வந்த தலைமுறை கையில் எடுத்த மொழி, முந்தின தலைமுறை வில்லிலும் கூத்திலும் பழக்கிய மொழி. 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த 'மண் சுமந்த மேனியர்' நாடகம் ஊர் ஊராகப் போனபோது கவிதை மறுபடியும் பாட்டாகிக் காதுக்கு வந்தது.

சேரனுக்கு 'அம்மா அழாதே' என்று ஒரு கவிதை உண்டு. அந்தத் தலைப்பிலேயே நான் வெகு நேரம் நின்றுவிட்டேன். ஒப்பாரியில் அம்மா செத்த பிள்ளையைக் கூப்பிடுவாள். இங்கே பேச்சின் திசை திரும்பி அம்மாவை நோக்கி வருகிறது. ஒப்பாரியை மறுக்கிற கவிதை, ஆனால் ஒப்பாரி இல்லையென்றால் எழுதியிருக்க முடியாத கவிதை. அந்தக் காலத்தில் கண்ணீர் போதாது, வேறு ஏதோ வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது. பிறகு இயக்கங்களின் ஒலிநாடாக்கள் வந்தன. செத்தவர்கள் விதைக்கப்பட்டவர்கள் ஆனார்கள். நாட்டு மெட்டும் உடுக்கும் பறையும் அதற்கும் பயன்பட்டன.

சு. வில்வரத்தினம் வேறு வழியில் போனார். புங்குடுதீவுக்காரர். 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதி ஜனங்கள் வெளியேறிய பின் வெறுமையான ஊரைப் பற்றி எழுதிய 'காற்றுவழிக் கிராமம்' 1995இல் வந்தது. அவர் தன் கவிதையை வாசிக்க மாட்டார், பாடுவார் என்று கேட்டவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் கவிதைகளில் செத்தது ஆள் இல்லை, ஊர். கிணற்றையும் கடலையும் காற்றையும் 'நீ' என்று விளிக்கிற தொனி அம்மாயியின் பதிவில் எனக்குப் பழக்கமானது.

2009க்குப் பிறகு சில வருடங்கள் வடக்கில் கூடி அழுவதற்கே தடைகள் இருந்தன. மே 18 அன்று விளக்கேற்றப் போனவர்களை நிறுத்தினார்கள். இசகோவ்ஸ்கியின் கவிதையை முடக்கியது ஜெயித்த அரசு, தன் சொந்தச் சிப்பாயின் அழுகையை. இங்கேயும் ஜெயித்த அரசுதான், ஆனால் தோற்றவர்களின் அழுகையை. அம்மாயிக்குத் தடை போட யாரும் வரவில்லை. அவர் தனக்குத் தானே ஒரு விதி வைத்திருந்தார்: சாவு விழுந்த வீட்டில் பாட வேண்டும், சாவில்லாத வீட்டில் பாடக் கூடாது. அழுகைக்கு இடமும் நேரமும் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள் என்று இப்போது எடுத்துக்கொள்கிறேன். இடத்தைப் பறித்துவிட்டால் ஜனங்கள் எங்கே போய்ப் பாடுவார்கள்? யாரும் பார்க்காத ஒரு மரத்தடிக்குத்தான்.

*

அம்மாயி 2016 ஜூனில் இறந்தார். மழை விடாமல் பெய்தது. நான் போய்ச் சேரும்போது மதியமாகிவிட்டது. வாசலில் பிளாஸ்டிக் விரிப்புப் பந்தல், தப்புக்காரர்கள் பக்கத்தில் நெருப்பு மூட்டித் தோலைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பாடவில்லை.

அம்மா இரண்டு அடி பாடினார், மூன்றாவது வரவில்லை. நிறுத்திவிட்டு வெறுமனே அழுதார். என் சித்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருபது வருடமாக இருக்கிறார், அவருக்கும் தெரியவில்லை. ஒரு பையன் வந்து, போனில் ஒப்பாரிப் பாட்டு இருக்கிறது, ஸ்பீக்கரில் போடட்டுமா என்று கேட்டான். கீழ்நாட்டில் இப்போது அப்படித்தான் போடுகிறார்கள்.

என் சட்டைப்பையில் அந்தப் பதிவு இருந்தது. வீட்டில் போடக் கூடாது என்றது சாவில்லாத வீட்டுக்குத்தானே? இப்போது இது சாவு வீடு. அவர் குரலிலேயே அவருக்கு ஒப்பாரி. போனை வெளியே எடுத்தேன், திரும்ப உள்ளே வைத்தேன். அந்தப் பாட்டு சின்னம்மாயிக்குப் பாடியது, இவருக்கு இல்லை. தன் சாவுக்குத் தானே பாடிக்கொள்கிற நிலைமையை அவருக்கு ஏற்படுத்த எனக்குக் கூச்சமாக இருந்தது.

அப்போது மூன்றாம் லைனிலிருந்து ஒரு பாட்டி வந்தார். அம்மாயியோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர், அதே வருடம் கப்பல் ஏறி வந்தவர். நனைந்த சாக்கை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்து, அம்மாவின் தோளில் கையைப் போட்டு உட்கார்ந்து, எடுத்த எடுப்பில் ஆரம்பித்தார். முதல் அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே ரயில், அதே பிளாட்பாரம், அதே பெட்டி. சின்னம்மாயியின் பெயர் இருந்த இடத்தில் அம்மாயியின் பெயர். முள்ளுக்கம்பி இருந்த இடத்தில் வேறு ஏதோ. கொஞ்ச நேரத்தில் அம்மாவும் கூடச் சேர்ந்துகொண்டார், சித்தியும். வராதவர்கள் அடியின் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

நான் வருடக் கணக்கில் அம்மாயியின் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தது அந்தக் கோச்சியில் வந்த அத்தனை பேருடைய பாட்டு. அதற்குள் ஒவ்வொருவரும் தன் சாவை வைத்துக்கொண்டார்கள். அன்று அதைப் பாடத் தெரிந்தவர் ஒருவர் மிச்சமிருந்தார். அவரும் 2021இல் போய்விட்டார். அவருடைய சாவில் யார் பாடினார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "நான்தான், தெரிஞ்ச வரைக்கும்" என்றார்.

அதற்குப் பின் மூன்று போன் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் முதலில் மாற்றுவது அந்தக் கோப்பைத்தான். இன்னும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தால் நல்லதுதானே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சி. வி. வேலுப்பிள்ளை எழுதி வைக்கவில்லையா, பார்சவ் எழுதி வைக்கவில்லையா என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் எனக்குச் சொல்லப்பட்டது வேறு.

கேட்க வேண்டும் போலிருக்கிற நாட்களில் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்துக்கு, கார் நிறுத்துமிடத்துக்கு, இறங்கிப் போகிறேன். ஹெட்போனில்தான் கேட்கிறேன், மாடியில் உட்கார்ந்தே கேட்கலாம், யாருக்கும் கேட்காது. இருந்தாலும் வீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருப்பாள்.

போன மாதம் அம்மா வந்திருந்தபோது என்னோடு கீழே இறங்கி வந்தார். ஒரு பக்க ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். நான்காவது நிமிடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். உதட்டை அசைத்து அந்த அடியைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "இதத்தான் மறந்துட்டேன்" என்றார். "மறுபடி போடு."